கோல் கம்பத்தடியில் நான் கண்டது

ட்ருகனினா, மெல்பேர்ண்
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் பிரியந்தினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் அம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வல்லிபுரத்தான் துணை இருக்கவேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனிசனுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரி. ஆனால் போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், அவள் கேட்க இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை, போதாததற்குப் போனில் யார் யார் காது வைத்திருக்கிறார்களோ என்ற பயம் ஊரை விட்டு வந்தும் என்னை விடவில்லை. சுஜீவா அன்ரி இன்றைக்குக் கொழும்புக்கு விமானம் ஏறுகிறார், பருத்தித்துறைக்கு வரும்போது இதை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தனியாக இருந்து படி, படித்துக்கொண்டிருக்கும்போது முகத்தை மாற்றாதே, அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்குத் திகதி தந்தால் அந்தத் திகதிக்கே கூட்டிக்கொண்டு போ, அடுத்த மாதம் பார்ப்பம் என்று அவள் சொல்வதைக் கேட்டால் அடுத்த பிறவியில்தான் நடக்கும். நீ ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போகிறாய், நீயே அனுப்பிய படத்தில் கண்டேன். தலை ஹாண்டிலிலா இருக்கிறது? கொழும்புப் பெடியனின் சம்பந்தம் பற்றி அம்மா கேட்டாள், எனக்குச் சம்மதம், ஆனால் உன்னுடைய சம்மதம்தான் முக்கியம், அப்பா பக்கத்தில் இல்லையே என்று யாருக்கும் தலையாட்டிவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக் கோட்டோடு நிற்கிற படம் ஒன்று அனுப்பினேனே, அப்பா எப்ப டொக்டரானீங்கள் என்று கேட்டாய். அது டொக்டர் கோட்டு இல்லை. இங்கே அயர்லாந்துப் பெடியன்கள் தங்கள் ஊர் விளையாட்டு ஒன்று விளையாடுகிறார்கள், கேலிக் புட்போல் என்று பெயர். பந்தை உதைக்கவும் செய்யலாம், கையால் பிடிக்கவும் செய்யலாம். கோல் கம்பம் இரண்டு பனைமரத்துக்குக் குறுக்கே தடி கட்டியதுபோல உயர்ந்து நிற்கும், குறுக்குக் கம்பிக்கு மேலால் பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. கம்பத்தடியில் கிளப்புக்கு ஒருவராக வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்று, ஒன்றுக்கு வெள்ளைக் கொடியும் மூன்றுக்குப் பச்சைக் கொடியும் காட்டவேண்டும். எனக்கு வேலை செய்யும் அனுமதி இல்லாமலிருந்த காலத்தில் வீட்டுக்குள் கிடந்தால் விசர் பிடிக்கும் என்று பின்னேரங்களில் அந்த மைதானத்தடியில் போய் நிற்பேன். ஒருநாள் கிளப்பின் செயலாளர் ஊனா, அவ ஒரு நேர்ஸ், ஓடிவந்து கொடி காட்ட ஆளில்லை, ஒருக்கால் நிற்பீர்களா என்று கேட்டா. அன்றைக்கு நின்றவன்தான். வேறெங்கும் நான் ஒரு வீசா இலக்கம், அங்கே மட்டும் யோகா. நான் பொரித்துக் கொண்டுபோகும் ரோல்ஸுக்கு அந்தப் பெடியன்கள் அடிபடுவதை நீ பார்க்கவேண்டும், உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிடுவார்கள்.

கிளப்பென்றால் பெரிதாக நினையாதே. வந்த பெடியன்களுக்கு வீசா முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள், கொஞ்சப் பேர் சுரங்க வேலை என்று அடுத்த மாநிலத்துக்கு ஓடுவார்கள், நகரத்துப் பெரிய கிளப்புகள் மிச்சமிருக்கிறதில் நல்லதாகப் பார்த்துக் கூப்பிட்டு எடுத்துவிடும். பதினைந்து பேர் சேர்க்கிறதுக்குள் ஊனாவின் தொண்டை வற்றிவிடும். ஒருமுறை ஆள் காணாமல் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து இறக்கியவனையே ஜேர்சி போட வைத்தா. போன வருசம் எங்கள் யதுஷனும் அவனுடைய சிநேகிதர்களும் சேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. யதுஷன் இங்கே பக்கத்தில் வெரிபீயில் படித்த எங்கட பெடியன், தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லுவான், ஆனால் பந்தோடு ஓடினால் பிடிக்க ஏலாது. இந்த வருசம் பெரிய கிளப்புகளை வென்று அரையிறுதிக்கு வந்தோம். கிளப் தொடங்கியதிலிருந்து இப்படி ஒருநாளும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமையெல்லாம் கோயிலில் என் பெயருக்கும் உன் பெயருக்கும் அர்ச்சனை செய்கிற நான், போன வெள்ளி கிளப்பின் பெயருக்கும் செய்யலாமா என்று ஐயரைக் கேட்டேன், அவர் நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, நாங்கள் ஒரு புள்ளி முன்னுக்கு நின்றோம். பந்து மைதானத்தின் மறுபக்கத்தில், மத்தியஸ்தரும் அங்கே. என் பக்கத்துக் கோல் காவலன் கொனர், உன் வயதுப் பெடியன், தச்சு வேலை முதலாளி தந்த வீசாவில் இருக்கிறான். எதிரணியின் பெரிய ஆள் ஒருவன் வந்து, பந்தே இல்லாத இடத்தில், முழங்கையால் கொனரின் வாயில் இடித்தான். இரத்தம். கொனர் இரண்டு கையாலும் அவனுடைய நெஞ்சில் தள்ளினான். தள்ளினான் பிள்ளை, குத்தவில்லை. அந்த ஆள் பின்னுக்குப் போய்க் கால் இடறிக் கம்பத்தில் பின்தலை அடிபட விழுந்தான். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. எனக்கு எட்டித் தொடுகிற தூரம். எதிர்க் கிளப்பின் வெள்ளைக் கோட்டுக்காரர் அந்த நேரம் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், திரும்பிப் பார்த்துவிட்டுக் கொனர் குத்திவிட்டான் என்று கத்தியவரும் அவர்தான். அதோடு இரண்டு பக்கமும் கைகலப்பு. அம்புலன்ஸ் வந்தது. பின்னால் பொலிஸ் வந்தது.

இதுவரைக்கும் நான் ஒரு பிழையும் செய்யவில்லை. பொலிஸ் உடுப்பைக் கண்டதும் எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. வந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளையும் ஒரு பெடியனும்தான், கண்டவர்களின் பெயரைக் கேட்டு எழுத வந்தவர்கள், முகத்தில் ஒரு கோபமும் இல்லை. நான் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். காரையும் விட்டுவிட்டு, கிரிக்கெட் வலைக்குப் பின்னால் போய், வேலி பாய்ந்து, இந்த வயதில்! உலகத்தில் வேறு யாரும் இப்படி ஓடமாட்டார்கள் பிள்ளை, நாங்கள்தான் ஓடுவோம். ஊரில் ஆமி சுற்றிவளைப்பென்றால் முதலில் ஓடு, பிறகு என்னவென்று கேள் என்று வளர்ந்த கால்கள். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் பார்க்கிறேன், பச்சைக் கொடி தடியோடு என் கையில் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் யதுஷன் வந்து சொன்னான், எதிர்க் கிளப்காரர் இப்போது வேறு கதை சொல்கிறார்களாம், ஓடின அந்தக் கறுவல் ஆள்தான் தடியால் அடித்திருப்பான், இல்லாட்டில் ஏன் ஓடவேணும் என்று. ஐயோ பிள்ளை. உனக்குத் தெரியும், படகில் வந்த எங்களுக்கு அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை என்று தருகிற இந்த பிரிட்ஜிங் வீசாவில், ஒழுங்காக நடப்பேன் என்று தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். ஒரு வழக்குப் பதிந்தாலே போதும், வீசாவை எடுத்துத் தடுப்பு முகாமில் போடலாம், பிறகு திருப்பி அனுப்பலாம். நீ ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்புக்குப் படித்துக்கொண்டிருந்தபோது வந்தவன் நான், இவ்வளவு வருசமும் சிவப்பு லைற்றில் ரோட்டைக் கடக்காமல் பயந்து பயந்து இருந்தது இதற்குத்தானா? கம்பத்தில் அடிபட்ட ஆள் ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டான், அது கடவுள் புண்ணியம், ஆனால் நடந்தது ஒன்றும் ஞாபகமில்லையாம். ஆகக் கண்டது நான் ஒருவன். நான் சொல்லாவிட்டால் கொனரில் வழக்குப் போடுவார்கள், அவனுடைய வீசாவும் போகும். நாளைக்குப் போட்டி நடத்துகிற சங்கத்தின் விசாரணை, அதில் கிளப்பைப் போட்டியிலிருந்து தூக்குவார்கள், தூக்கினால் மிச்சப் பெடியன்களும் பெரிய கிளப்புகளுக்குப் போய்விடுவார்கள், ஊனா கம்பத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஊனா செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தா. கதவு தட்டின சத்தத்துக்கே நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். என்னோடு இருக்கிற அனோஜன், யோகா அண்ணை சிட்னிக்கு, பிளாக்டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிட்டார் என்று சொன்னான். ஊனா, நான் எறிந்த கோட்டின் பையில் கிடந்த திறப்பை எடுத்து, என்னுடைய காரை யதுஷனைக் கொண்டு ஓட்டி வந்து வாசலில் விட்டிருந்தா, திறப்பைக் கொடுத்துவிட்டு, அவர் பயப்படுறார் எண்டு தெரியும், நான் கோபமில்லை எண்டு சொல்லுங்கோ என்றுவிட்டுப் போனாவாம். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அனோஜன் நல்லவன், ஆனால் அவனும் என்னைப் போலப் படகில் வந்தவன், கொடியை எரிச்சுப்போட்டு உண்மையாகவே சிட்னிக்குப் போங்கோ அண்ணை, வெள்ளைக்காரன்ர சண்டைக்கு நாங்கள் ஏன் சாகவேணும் என்கிறான். யதுஷன் வந்து, அங்கிள், எரிச்சீங்களெண்டால் நீங்கள் அடிச்சதெண்டே ஆகிடும் என்று, முதல்முறையாக முழுக்கத் தமிழில், அழாக்குறையாகச் சொன்னான். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் எனக்குப் பட்டது. வெளியே கார்க் கதவு அடிபட்டால் லைற்றை அணைத்துவிடுகிறேன்.

நேற்று நீ படம் அனுப்பினாய், நினைவிருக்கிறதா, வீதியோரக் கொட்டகையில் அம்மா சிறி மாமாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, காணாமல்போனவர்களைத் தேடுகிற மற்றத் தாய்மாரோடு இருக்கிற படம். உன் மாமாவைச் சந்திக் கடையடியில் பிடித்து ஏற்றிக்கொண்டு போனபோது நீ சின்னப் பிள்ளை. பட்டப்பகல், கடை நிறைய ஆட்கள். அம்மாவைச் சைக்கிளில் வைத்து வீடு வீடாக மிதித்தவன் நான். ஒவ்வொரு வாசலிலும் அவள் கேட்டாள், நீங்கள் நிண்டனீங்களாமே, எந்தப் பக்கம் கொண்டுபோனவங்கள், அதை மட்டும் சொல்லுங்கோ, உங்கட பேரைச் சொல்லமாட்டன் என்று. நாங்கள் காணேல்லைப் பிள்ளை என்றார்கள். ஒருவர் கதவே திறக்கவில்லை, உள்ளே அவருடைய இருமல் கேட்டது. அவர்கள் கெட்டவர்களில்லை, பயம். இப்போது எனக்கு அந்தப் பயம் என்னவென்று வடிவாகத் தெரியும், அவர்களில் எனக்குக் கோபமும் வரவில்லை. ஆனால் அம்மா இன்றைக்கும் கொட்டகையில் சொல்வது ஒன்றுதானே, கண்டவை ஒராள் வாய் திறந்திருந்தால் எண்டு. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு குளியலறைக்குள் ஒளித்திருக்க என்னால் முடியவில்லை பிள்ளை. நானே ஊனாவுக்குப் போன் எடுத்தேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவ காரோடு வருவா. அகதிகளுக்கு உதவி செய்கிற வழக்கறிஞர் ஒருவரும் பொலிஸ் நிலையத்துக்கு வருகிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று அவரைச் சொல்லச் சொன்னேன், சொல்லமாட்டேன் என்றுவிட்டார். ஓடினது குற்றமில்லை, ஆனால் குடிவரவுக்காரர் என்ன நினைப்பார்கள் என்று தன்னால் உறுதி தர ஏலாதாம். கொடியைத் தோய்த்துக் காயப்போட எடுத்தேன், தோய்க்கவேண்டாம், அப்படியே கொண்டுவாங்கோ என்று அதற்கும் ஏசினார். சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டிருக்கிறேன், பொத்தானை மாறிப் பூட்டித் திருப்பிப் பூட்டினேன், எழுத்தும் கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். நான் வீரன் ஆகிவிட்டேன் என்று நினையாதே குஞ்சு. இந்த நிமிசம் ஊனாவின் காருக்குப் பதிலாகச் சிட்னி பஸ் வாசலில் வந்து நின்றால் நான் எதில் ஏறுவேனென்று எனக்கே தெரியாது.

நீ நீண்ட ஆயுளோடு, நினைத்தது கைகூடி, நல்லாயிருக்கவேண்டும். உன் கலியாணத்துக்கு அப்பா வரமுடியாமல் போனாலும் அப்பாவின் ஆசீர்வாதத்துக்கு வீசா தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வருமுன் நான் உன்னோடு போனில் கதைத்திருந்தால் இதைக் கிழித்து அடுப்பில் போடு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். கதைக்கவில்லையென்றால் என்னை வைத்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள், அப்போது அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். எடுத்தவுடன் அப்பாவைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லாதே, தாங்கமாட்டாள். முதலில், கண்ட ஆள் ஒருவர் தானாகப் போய்ச் சொன்னார் என்று சொல்லு. அவள் கேட்டு முடிக்கட்டும். அந்த ஆள் யாரென்று பிறகு சொல்லு.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அப்பா
யோகராசா