இருபத்தாறு டொபித் தாள்

என்னங்க, ஒரு நாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் மகராசரே,

நீங்கள் இல்லாத மூன்றாவது மழைக்காலம் இது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டகொடையில் இருக்கும் நம் பெரியவனின் மகளுக்கு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. அவள் தம்பி சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்திருக்கிறான். சின்னவன் மகள் கவி, உங்கள் மடியை விட்டு இறங்காத வாண்டு, இப்போது நாலாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் அவள் செய்த வரைபடத்தை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நம் தோட்டத்து லயத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கு அது வாய்த்தது?

ஆனால் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் யார் எத்தனை இனிப்புத் தின்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிவரச் சொல்லியிருந்தார் கவியின் டீச்சர். கவி எழுதுகிற கொப்பியோடு வந்து நின்றாள்.

"அப்பாயிக்கு ரெண்டுன்னு போட்டுக்கடி" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. வாயால சொல்றத எழுதக் கூடாதாம். தாளத்தான் எண்ணணுமாம்."

தினமும் நான் தாளை ஒளிக்கும் தலையணைக்கு அடியில் கையை விட்டாள். வாரம் முடிய இருபத்தாறு டொபித் தாள்.

கட்டம் கட்டமாக எண்ணிக்கையைப் போட்டால் கம்ப்யூட்டரில் தூண் எழும்புமாம். அவள் அப்பாவுக்கு ஒரு விரல் உயரம், அம்மாவுக்கு அரை விரல். எனக்கு மட்டும் சிவப்பாக, உச்சி வரைக்கும். "அப்பாயிதான் ஃபர்ஸ்ட்டு!" என்று கைதட்டினாள். நானும் சிரித்தேன். 

எனக்கும் சீனி வியாதி, தேத்தண்ணிக்குச் சீனி போடாதே என்றுதானே கிளினிக் மிஸ் சொன்னார்? நான் போடவே இல்லை. வெறும் சாயத்தைக் குடித்தேன், மிடற்றுக்கு ஒரு கடி டொபி. நீங்கள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டதும் அப்படித்தான். கோப்பைக்குள் விழாத சீனி உடம்பில் சேராது என்று இரண்டு பேரும் எப்படி நம்பினோம்?

இன்னொன்று. விறகுக்குப் போனபோது இடது பாதத்தில் அட்டை கடித்த இடம் ஒரு மாதமாக ஆறவில்லை. காலுறை போட்டு மறைத்துவிட்டேன். வலியே இல்லை. அதுதான் பயம். "வலிக்கலையே புள்ள" என்றுதான் நீங்களும் சொன்னீர்கள். பிறகு விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு நீங்களே இல்லை. ஏன் முன்னமே என்னிடம் காட்டவில்லை? நீங்களும் இப்படித்தான் பயந்தீர்களா?

நேற்றுக் கவி புண்ணைப் பார்த்துவிட்டாள்.

"தாத்தாவுக்கு வந்த மாதிரியா அப்பாயி?"

சேலையை இழுத்துக் காலை மூடினேன். அவள் சொன்னாள்: "புதன்கிழமை கிளினிக்குக்கு நானும் வருவேன். நீங்க டாக்டர்கிட்டயும் ரெண்டுன்னுதான் சொல்வீங்க. தாளெல்லாம் கொப்பியில ஒட்டி வச்சிருக்கேன்."

நம் வீட்டுச் சுவர்ப் படத்தில் நீங்கள் இரண்டு காலோடு நிற்கிறீர்கள். புதன்கிழமைக்கு முன்னால் என்னையும் பாதம் தெரியப் புதுசாக ஒரு படம் எடுத்துப் பெரியவனுக்கு அனுப்பு என்று கவியிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கும் எனக்கும் இரண்டு காலோடு ஒரு படம் இருக்கட்டும்.

 அன்றைக்குக் காலுறையை நானே கழற்றிக் காட்டுவேன். உங்களைப் போல ஒளிக்க மாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்கள் அத்தை மகளும் வீட்டுக்காரியுமான
முத்தம்மா