வலைக்கு வார்த்த ஈயம்

நைனா,

இன்று காலை பாலவாக்கம் குப்பத்துக்குள் நுழைந்ததுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. நம் பழைய தெருவில் ஒரு வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி, பழைய பேட்டரியை உடைத்தெடுத்த ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார்கள். வீச்சுவலையின் ஓரத்துக்குக் குண்டு வார்க்கிறார்களாம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. நான் சண்டை போட்டேன். அடுப்பை அணைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நீயும் அப்படித்தான் காய்ச்சினாய். கடையில் வாங்கிய குண்டு வலையைச் சரியாக விரிக்காது என்று உனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. உன் பேத்தி நடை பழகியதே அந்த அடுப்பைச் சுற்றித்தான். ஆறிய குண்டைக் கயிற்றில் மாட்டி நீ பல்லால் கடித்து இறுக்குவாய். அவளும் உன்னைப் பார்த்துப் பால்பல்லால் கடிப்பாள். வீடே சிரிக்கும்.

பள்ளியில் சேர்த்த பிறகு அந்தச் சிரிப்பு போயிற்று. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆரம்பித்த வரியை முடிக்கமாட்டாள். பக்கத்துப் பிள்ளை பென்சிலைத் தொட்டால் அடித்துவிடுவாள். முதலில் வாலு என்றார்கள், அப்புறம் அடங்காப்பிடாரி. குப்பத்துப் பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று என் காதுபடவே பேசினார்கள்.

வயிற்றுவலி என்று அடையாற்றில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டவர், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. சின்ன வயதில் உள்ளே போகும் ஈயம் மூளையைத் தொடும், கவனம் நிற்காது, கோபம் அடங்காது, அதைப் பிள்ளையின் குணம் என்று நினைக்காதீர்கள் என்றார். கெட்டது முழுதாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது, இனிமேல் போகாமல் பாருங்கள் என்றும் சொன்னார்.

அன்று நீ சாப்பிடவில்லை. மறுநாள் வார்ப்பு அச்சை உடைத்தாய், வாசல் மண்ணைச் சுரண்டியெடுத்து சிமெண்ட் பூசினாய். அதே வாரம் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் கெஞ்சத் தயாராகத்தான் வந்தேன். நீ ஹெட்மிஸ்ட்ரஸ் எதிரே போய் நின்றாய்.

"கொயந்த மேல தப்பு இல்ல டீச்சரம்மா. ஈயம் காச்சினது நானு. திட்டணும்னா என்னத் திட்டு. அவள அனுப்ப மாட்டேன்."

மற்ற பெற்றோர் புகார் சொல்கிறார்கள் என்றார் அவர். அவர்களையும் கூப்பிடு, அவர்களிடமும் இதையே சொல்கிறேன் என்றாய். டி.சி. பேச்சு அத்தோடு நின்றது. பிறகு குப்பத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். தொழிலைக் கெடுக்கிறான் என்று உன்னோடு பேச்சை நிறுத்தினார்கள்.

உன் சாவு வீட்டில், பேத்தியைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். உங்கள் வீட்டு வாசலில் மட்டும் என்ன காய்ச்சினீர்கள் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உன்னைப் பேச அவர்களுக்கு யோக்கியதை கிடையாது.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு. இன்னமும் பாதிப் பாடத்தில் எழுந்துவிடுகிறாள். போன வாரம் புது மிஸ் எல்லார் முன்னாலும் உனக்கு அறிவே இல்லையா என்று கேட்டிருக்கிறார். எதிர்த்துப் பேசினாள் என்று என்னை வரவழைத்தார். என்ன பேசினாள் என்றேன். அவளே சொன்னாள்.

"எனக்கு அறிவு கீது மிஸ். ஒடம்புல ஈயமும் கீது. ரெண்டையும் வெச்சிக்கினுதான் படிக்கிறேன்னு சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்பேன் என்று மிஸ் காத்திருந்தார். நான் கேட்கவில்லை நைனா. அவளையும் கேட்க விடவில்லை.