நூற்றுப் பதினெட்டு ஒற்றைச் செருப்புகளும் ஒன்பதாம் இலக்க வீடும்

அனுப்புபவர்:
திருமதி எடித் கொன்ஸ்ரன்ரைன்,
செயலாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
பூவரசம்பாடு, மன்னார்.

பெறுபவர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மன்னார்.

விடயம்: வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியலைத் திருத்துதல், பிரிவுக் கந்தோரின் பின்கதவை மூடுதல், அலுமாரியில் பூட்டப்பட்டுள்ள செருப்பு ஒன்று ஆகியவை தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயா,

1. இது ஒரு புகார் மனு. ஆனாலும் இதை எழுதும்போது இடையிடையே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் அதுதான் காரணம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2010ஆம் ஆண்டு சொந்த ஊருக்குத் திரும்பிய கடற்றொழிற் குடும்பங்கள் நாங்கள். இன்றுவரை பெரும்பாலானோர் தறப்பாள் கூடாரங்களிலேயே வசிக்கிறோம். எங்கள் பிரிவுக்கு முதற்கட்டமாக நாற்பது வீடுகள் வந்தன. கடந்த சித்திரை மாதம் பிரதேச செயலகக் கந்தோர் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்ட முதலாவது பட்டியலில் ஒன்பதாம் இலக்கத்தில் இருந்தவர் திருமதி அன்ரோனெற். அவர் கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். இரண்டு சிறு பெண்பிள்ளைகளோடு வசிக்கிறார். போன மார்கழி மழையில் அவருடைய தறப்பாள் கிழிந்து, கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின் அடியில் அந்தப் பிள்ளைகள் மூன்று இரவுகள் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். அடுத்த மழைக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன.

3. வீட்டுத்திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பெயரை நான் எழுதவில்லை. அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. அவர் எவரிடமும் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். முன்வாசலில் போய் நிற்பவரிடம், "கையெழுத்து ஒண்டு குறையுது, பின்பக்கமா வாங்கோ" என்பார். அவ்வளவுதான். பின்பக்கம், தேநீர் போடும் கந்தோர்க் குசினியின் கதவு இருக்கிறது. கையில் ஏதாவது கொண்டு அந்தக் கதவால் போனவர்களின் படிவங்களில் குறை எதுவும் இருந்ததில்லை. அன்ரோனெற்றின் கையில் கொண்டுபோக ஒன்றும் இருக்கவில்லை. அதனால் அவர் முன்வாசலிலேயே நின்றார்.

4. ஐயா, இப்போது என் குற்றத்தை எழுத வேண்டும். ஆவணி மாதத்தில் நானும் அந்தக் கதவால் போனேன். நல்ல தடித்த அறக்குளாக் கருவாடு இரண்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோனேன். அதை மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செப்ரெம்பர் 26ஆம் திகதி இரண்டாவது பட்டியல் ஒட்டப்பட்டது. ஒன்பதாம் இலக்கத்தில் என் பெயர் இருந்தது. நாற்பது பெயர்களிலும் அன்ரோனெற்றின் பெயர் இல்லை.

5. அன்று பின்னேரம் அன்ரோனெற் என்னைத் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். அவர் என் கையைப் பிடித்து, "உங்களுக்காவது கிடைச்சுதே அக்கா, எனக்குப் பெரிய சந்தோசம்" என்றார். ஒன்பதாம் இலக்கம் கருவாட்டால் கைமாறியது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும். அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் நிம்மதியாக உறங்கியிருப்பேன்.

6. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வேதக் கோயில் முற்றத்தில் ஊராரை நிறுத்தி, கருவாட்டுக் கதையை மறைக்காமல் சொன்னேன். எல்லோரும் காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். வள்ளம் கட்டும் யாகப்பர் அண்ணர் முதலில் கையை உயர்த்தி, "நான் ஒரு கட்டில் செய்து குடுத்தனான்" என்றார். பிறகு ஒருவர் நண்டு என்றார், ஒருவர் ஊர்க்கோழி என்றார், இன்னொருவர் கோழியோடு கூடும் கொடுத்ததாகச் சொன்னார். பாவசங்கீர்த்தனம் இவ்வளவு கலகலப்பாக நடந்ததை நான் கண்டதில்லை. சிரிப்பு அடங்கியபோது எல்லோருக்கும் ஒரு விடயம் விளங்கியிருந்தது. அந்தக் கதவை உத்தியோகத்தர் ஒருவர் மட்டும் திறக்கவில்லை. வெளியிலிருந்து தள்ளியவர்கள் நாங்கள். அன்ரோனெற்றின் முன்னால் வைத்தே, இனி ஒருவரும் பின்கதவால் போவதில்லை என்று முடிவெடுத்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே வந்து நின்றார்.

7. முன்வாசலில் கூடி நிற்பதுதான் அடுத்த யோசனை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஐந்து பேர் கூடினாலே இராணுவ முகாமுக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அகதி முகாமில் கற்ற ஒரு வித்தை கைகொடுத்தது. அங்கே தண்ணீருக்கு விடிய முன்னரே வரிசை. வெயிலில் நிற்க முடியாமல், அவரவர் இடத்தில் ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டு நிழலுக்குப் போவோம். சோடியாக வைத்தால் களவு போகும். ஒற்றைச் செருப்பை எவரும் எடுப்பதில்லை. ஐயா, பேராசை கொண்டவர்கள் பலரை அந்த முகாமில் கண்டோம், ஆனால் அந்த வரிசையை மீறிய ஒருவரைக்கூடக் காணவில்லை. ஆட்கள் கூடினால்தானே அனுமதி வேண்டும், செருப்புகள் கூடுவதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை.

8. யார் முதலில் என்பதையும் நாங்களே தீர்மானித்தோம். மழை வந்தால் யார் முதலில் நனைவாரோ அவருடைய செருப்பு முதலாவது. ஒக்ரோபர் முதலாம் திகதி காலை அன்ரோனெற்றின் பச்சைச் செருப்பு கந்தோரின் முன்வாசற்படியில் வைக்கப்பட்டது. பின்னால் ஊரே வைத்தது. என் தம்பி போட்டுத் தந்த தகரக் கூரை என் தலைக்கு மேல் இருப்பதால் நான் கடைசியாக வைத்தேன். பிறகு மூவர் மூவராக எதிரேயுள்ள வேப்பமரங்களின் கீழ் போய் இருந்தோம்.

9. வரிசையைக் கண்டால் இந்த நாட்டில் எவராலும் சும்மா போக முடியாது. புத்தளத்தில் இருபத்திரண்டு வருடம் அகதியாக இருந்து திரும்பிய சரீபா என்ற சகோதரி, முன்வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு வந்துகொண்டிருந்தவர், என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் தன் செருப்பைக் கழற்றினார். "நாங்க அங்க போத்தல்தான் வைப்போம்" என்று சிரித்தார். மீள்குடியேறிய மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தறப்பாளில் இருப்பவர் எவர் புதிதாக வந்தாலும் நான் என் செருப்பை எடுத்து அவருக்குப் பின்னால் வைத்தேன். விடுமுறையில் போய்க்கொண்டிருந்த ஓர் இராணுவச் சிப்பாய்கூட நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், இங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். யாகப்பர் அண்ணர், "அவை இன்னும் ஒண்டும் குடுக்கேல்லை தம்பி. நாங்களும் குடுக்கேல்லை" என்றார். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை, ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார். அன்று பின்கதவில் காத்திருந்தது கருவாட்டு மணத்துக்குப் பழகிய கந்தோர்ப் பூனை ஒன்று மட்டுமே.

10. இரண்டாம் நாள் மாலை உத்தியோகத்தர் நூற்றுப் பதினெட்டுச் செருப்புகளையும் அள்ளுவித்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். எங்களில் ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. அவரவர் மற்றக் காற்செருப்போடு வீட்டுக்கு நடந்தோம். ஒரு கால் சுடுமணலிலும் ஒரு கால் செருப்பிலுமாக ஊர் முழுவதும் கெந்திக் கெந்திப் போன காட்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். உத்தியோகத்தர் எங்களைப் பற்றி முறையிடப் போன பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ற் அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார். வாசலை மறித்ததாக முறைப்பாடு எழுதுவதென்றால், எடுத்த பொருட்கள் எவை, எவருடையவை, எந்த ஒழுங்கில் கிடந்தன என்று பட்டியல் வேண்டும் என உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டார்.

11. இவ்வாறு, ஒக்ரோபர் 3ஆம் திகதி உத்தியோகத்தர் முன்வாசலில் மேசையும் கதிரையும் போடுவித்து அமர்ந்தார். வாசற்படியிலிருந்து எந்த ஒழுங்கில் கிடந்தனவோ அந்த ஒழுங்கிலேயே, நாங்கள் சொல்லச் சொல்ல, செருப்புகள் அடுக்கப்பட்டன. ஒவ்வொருவராக வந்து அடையாளம் காட்ட, அவர் தம் கையால் எழுதினார். முதலாவது பதிவு இது: "பச்சை நிறம், இடது கால், வார் அறுந்து சட்டைப்பின் ஊசி குத்தப்பட்டது. உரிமையாளர்: அன்ரோனெற்." ஊர் திரும்பிய இரண்டு வருடங்களில் அந்த முன்வாசலில் அவருடைய பெயர் கூப்பிடப்பட்டது அன்றுதான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு, கந்தோர் முத்திரையும் குத்தினார். பிறகு அதே ஒழுங்கில் பெயர் கூப்பிட்டுச் செருப்புகளைத் திருப்பித் தந்தார். ஒவ்வொரு பெயருக்கும் வேப்பமரத்தடியில் கைதட்டல் எழுந்தது. ஐம்பதாவது பெயர் அளவில் அவரும் சிரிக்கத் தொடங்கினார் என்பதை அவருக்குச் சாதகமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். முறைப்பாடு பிறகு எழுதப்படவில்லை.

12. கடைசிப் பெயர் என்னுடையது. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் லிஸ்ற்றிலை இருக்கிறீங்கள்தானே அம்மா, பிறகேன் வரிசையிலை நிண்டனீங்கள்?" என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். செருப்பை வாங்காமல் வந்துவிட்டேன். இந்த மனுதான் அவருக்கு என் பதில்.

13. ஒரு பிடி உப்பை அள்ளிய மக்கள் ஒரு பேரரசை அசைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மன்னாரில் உப்புக்குக் குறைவில்லை, அதை அள்ளி எங்கள் கந்தோரில் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அந்தக் கதையின் உள்விடயம் இப்போது விளங்குகிறது. அநியாயத்துக்கு நாம் தூக்கிக் கொடுக்கும் கையை எல்லோரும் ஒரே நாளில் மடக்கிக்கொண்டால் போதும். ஒருவர் மட்டும் மடக்கினால் அவர் அன்ரோனெற்றைப்போலத் தறப்பாளில் நனைவார். ஊரே மடக்கினால் பூனைதான் பட்டினி கிடக்கும். இவ்வளவு காலமும் பயந்து பயந்து வாழ்ந்த சனம், ஐயா, அந்த மூன்று நாளும் திருவிழாவுக்குப் போவதுபோல் தலைவாரிப் பூச்சூடி வந்தது. எனக்கு ஐம்பத்து நாலு வயது. என் ஊரை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டது இதுவே முதல் தடவை.

14. ஆகவே தங்களிடம் பணிவாக வேண்டுவன:

(அ) உத்தியோகத்தரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள செருப்புப் பட்டியலின் பிரதியை இணைத்திருக்கிறேன். செருப்பைப் பார்த்து வீடு கொடுக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. தங்கள் வெளிக்கள அலுவலரை அனுப்பி, இரண்டாவது பட்டியலையும் இதையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தறப்பாளாகப் பார்க்கச் செய்யுங்கள். எந்தப் பட்டியல் உண்மை பேசுகிறது என்பது தெரிந்துவிடும்.

(ஆ) கந்தோரின் பின்கதவைப் பொதுமக்கள் அலுவல்களுக்கு மூடிவிட உத்தரவிடுங்கள். பலகையும் ஆணியும் யாகப்பர் அண்ணருடையவை. கட்டில் செய்து கொடுத்த கையாலேயே அந்த வேலையையும் செய்து தருவதாகச் சொல்கிறார்.

(இ) இரண்டாவது பட்டியலின் ஒன்பதாம் இலக்கத்திலிருந்து என் பெயரை வெட்டி, மழைக்கு முன்னர் அந்த இடத்தில் அன்ரோனெற்றின் பெயரை எழுதுங்கள். நான் கருவாடு கொடுத்ததற்குச் சட்டப்படி ஏதும் தண்டனை இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

15. என் செருப்பைத் திருப்பித் தரும்படி மட்டும் நான் கேட்கவில்லை. அது கறுப்பு நிறம், வலது கால், நூற்றுப் பதினெட்டாம் இலக்கம். அலுமாரியிலேயே இருக்கட்டும். என்றோ ஒரு நாள் என் முறை வரும்போது முன்வாசலால் வந்து வாங்கிக்கொள்வேன்.

வரிசையின் கடைசியில் மனநிறைவோடு நிற்கும்,

(ஒப்பம்) எடித் கொன்ஸ்ரன்ரைன்

இடம்: பூவரசம்பாடு
திகதி: 08.10.2012

இணைப்பு: செருப்புப் பட்டியல், நான்கு பக்கங்கள்.