சுவருக்கு இரண்டு பக்கமும் சீஸ்

பிரஸ்டன்,
12 ஜூலை 1954

என் அருமை ஹில்டா,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யுத்த காலத்தில் அரசாங்கம், "லங்காஷயர் சீஸில் ஈரம் ஜாஸ்தி, ரேஷனுக்கு வெட்டினால் உதிர்கிறது, எல்லோரும் கெட்டிச் சீஸ்தான் செய்ய வேண்டும்" என்று சட்டம் போட்டதே, அப்போது வந்த அதிகாரியை மார்க்கெட் வாசலில் நிறுத்தி, "அய்யா, ஒரு நாள் நீங்களே வந்து இதைக் கேட்பீங்க" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இப்போது ரேஷன் கார்டைக் கிழித்தாயிற்று. பஞ்சாலை விட்டு வரும் ஜனம் கடை கடையாக நம் சீஸைத்தான் கேட்கிறது. ரொட்டியில் வைத்து நெருப்பில் காட்டினால் அது உருகுகிற அழகு வேறு எதற்கு உண்டு? ரோமாபுரிப் படை இந்தப் பக்கம் ரோடு போட்டதே இதை ஏற்றிப் போகத்தான். நான் சொல்லவில்லை, சரித்திரம் சொல்கிறது. எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று கேட்காதே.

நீ மறுபடி சீஸ் போடுவதாகக் கேள்விப்பட்டேன். அதையும் முன்பே சொல்லியிருந்தேன்.

பிரஸ்டன் முழுதும் அறிந்த உன் தாய்மாமன்,
ஆமோஸ்

சிப்பிங்,
20 ஜூலை 1954

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. அந்த அதிகாரி, போன தடவை நீங்கள் சொன்னபோது குடையைத்தான் மடக்கினார். இந்தத் தடவை தொப்பியைக் கழற்றியிருக்கிறார். வயதாக ஆக அவருக்கு மரியாதை கூடுகிறது.

இங்கே மழை, புல், மறுபடி மழை. மாடுகளுக்குக் குறையில்லை, குறை எனக்குத்தான். ஐந்து மாட்டுப் பாலில் என்ன சீஸ் போடுவது? நம் வழக்கப்படி இன்றைய பாலைத் திரித்து, அந்தத் திரட்டை வைத்திருந்து, நாளைய திரட்டோடும் மறுநாள் திரட்டோடும் கலந்துதான் அச்சில் அழுத்துகிறேன். அப்படியும் அச்சு பாதிதான் நிறைகிறது. நான்காம் நாளுக்கு வைத்தால் முதல் நாளுடையது புளித்துப் போகிறது. குட்டிச் சீஸ் சீக்கிரம் காய்ந்து விடுகிறது.

வியாபாரி ரிக்பி வந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா, பொம்மை வீட்டுக்கா?" என்று கேட்டார். கிறிஸ்மஸ் சரக்குக்கு நவம்பரில் ஒருமுறை வருவாராம். முழு அளவுச் சீஸ் இல்லையென்றால் இந்த மேட்டுக்கு அவர் வண்டி இனி ஏறாது. அப்புறம் என் பால் லாரிக்குத்தான். யார் யார் பாலோடோ கலந்து எங்கேயோ போய்விடும். என் கையில் ஒன்றும் இருக்காது மாமா.

நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று தெரியும். கல் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணிக்கு நாலு மாடு, அவளும் பாதி அச்சோடு மல்லுக்கட்டுகிறாள். தெரியும். போக மாட்டேன். அண்ணன் கிளிஃபர்ட் சாவுக்கு, ரேஷன் நாளில், அதிகாரிக்கு ஒளித்து ஒரு சீஸ் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணனுக்கு உயிரான சீஸ். அதை உள்ளே வைத்துவிட்டு, ஊர் உட்கார்ந்த மேஜையில் கடைச் சீஸை வெட்டி வைத்தாளே, அதை நான் மறக்கவா?

உங்கள்
ஹில்டா

பிரஸ்டன்,
3 ஆகஸ்ட் 1954

என் அருமை ஹில்டா,

நேற்று பஸ் ஏறி உன் அண்ணி வின்னியைப் பார்த்துவிட்டு வந்தேன். டிரைவர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டான், அது வேறு கதை. உன் வீட்டுக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. தூது போகிறவன் ஒரு பக்கம் சாப்பிட்டுவிட்டு மறுபக்கம் சாப்பிடக் கூடாது.

சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "ஏம்மா வின்னி, அன்னைக்கு ஹில்டா குடுத்த சீஸ ஏன் மேஜைல வைக்கல?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, அது அவருக்குன்னு வந்தது. ஊர்க்காரங்க வாயில போட எனக்கு மனசு வரல. உள்ள வச்சிருந்தேன். ராத்திரி ராத்திரி ஒரு துணுக்கு எடுத்து, அவர் நாற்காலிக்கு எதிர்ல உக்காந்து தின்னேன். தீர்ந்த அன்னைக்குத்தான் அவர் போனாருன்னு பட்டுச்சு."

திரும்பும் வழியெல்லாம் கைக்குட்டையை எடுத்தபடியே வந்தேன். நான் சாமானியமாக அழுகிறவன் இல்லை என்று இரண்டு ராணுவத் தளபதிகளுக்குத் தெரியும்.

இனி நீ பார்த்துக்கொள்.

உன் மாமா,
ஆமோஸ்

சிப்பிங்,
21 நவம்பர் 1954

அன்புள்ள மாமா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். கை ஒழியவில்லை.

உங்கள் கடிதத்தை அன்று மூன்று தடவை படித்தேன். மறுநாள் காலை என் திரட்டை வாளியில் போட்டு ஈரத்துணியால் மூடி, சுவர் ஏறிக் குதித்தேன். முப்பத்தெட்டு வயதில். பாவாடை கிழிந்தது.

அண்ணி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், துணியை விலக்கி இரண்டு விரலால் நசுக்கினாள்.

"என்னடி இது, சொதசொதன்னு இருக்கு?"

"உங்களுது செங்கல்லு மாதிரி இருக்குதாமே அண்ணி. ரிக்பி சொன்னாரு."

"அவனுக்குப் பல்லே கெடையாது. அவன் சொன்னானாம்." வழியை விட்டு விலகினாள். "சும்மா நிக்காத, ஆறிப்போவுது. கொண்டா உள்ள."

அவள் திரட்டும் என் திரட்டும் சேர்ந்து அச்சு விளிம்பு வரை வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் உப்புக்குக் கை நீட்டினோம்.

"நான் போடறேன். உங்க அண்ணனுக்குக் கம்மியாத்தான் புடிக்கும்" என்றாள்.  அப்புறம் இருவரும் அச்சை அழுத்தும் திருகாணியை மாறி மாறிச் சுற்றினோம்.

முந்தாநாள் ரிக்பி வந்தார். இரும்புத் துளைப்பானைச் சீஸில் இறக்கி எடுத்து மோந்தார். ஒரு துளி தின்றார். மறுபடி ஒரு துளி. "வெண்ணெய் மாதிரில்ல இருக்கு! யாரு போட்டது?" என்று கேட்டார். அண்ணி, "நாங்க" என்றாள். மாமா, அந்த ஒரு சொல்லுக்கு நான் பழைய கணக்கெல்லாம் விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். வசந்தத்துக்கும் சொல்லி வைத்துவிட்டார். லாரிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒரு சீஸ் எங்களுக்கென்று வைத்திருக்கிறோம், நம் ஊர் வழக்கப்படி கிறிஸ்மஸ் கேக்கோடு தின்ன. நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அண்ணி உங்களிடம் சொன்னதைப்பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அதை வெட்டும்போது சொல்லப் போகிறேன்: இத்தனை வருஷம் தப்பாக நினைத்துவிட்டேன், அந்த ராத்திரிகளில் நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று.

உங்கள்
ஹில்டா

பிரஸ்டன்,
23 நவம்பர் 1954

ஹில்டா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். தபால்காரன் வெளியே நிற்கிறான்.

சொல்லாதே. அந்தப் பேச்சை அவளிடம் எடுக்காதே.

நான் போனது உண்மை. கேட்டது உண்மை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசியதும் உண்மை. ராத்திரி, துணுக்கு, நாற்காலி, இதெல்லாம் நான் பஸ்ஸில் திரும்பும்போது கட்டியது. டிரைவர் காசும் வாங்கினான்.

அவள் சொன்னது இதுதான்: "எந்த சீஸு மாமா? ஓ, அதுவா. மறந்தே போச்சு. அன்னைக்கு எனக்கு எது ஞாபகம் இருந்துச்சு? யாரோ எதையோ வெட்டி வச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சு உள்ள போனேன், எலி தின்னுருந்துச்சு. அந்தப் புள்ள அதுக்கா என்கிட்ட பேசல?"

இதை அப்படியே எழுதினால் நீ சுவர் ஏற மாட்டாய் என்று நினைத்தேன். ஒருவேளை ஏறியிருப்பாய். எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்கு நான் வரலாமா, வேண்டாமா, ஒரு வரி எழுதிப் போடு.

ஆமோஸ்