தோட்டக்கலைக்குப் பரிசு வாங்கிய லெச்சுவுக்கு

என் உயிர் மச்சான் லெச்சு,

முதலில் நல்ல செய்தி. நீ பரிசு வாங்கிவிட்டாய். எங்கள் சமூகவியல் துறையின் மிகச் சிறந்த இறுதியாண்டு ஆய்வேடு உன்னுடையதுதான். இனிக் கெட்ட செய்தி. பரிசு தோட்டக்கலைக்குக் கிடைத்திருக்கிறது.

சிரிக்காதே. ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஆய்வேட்டைக் கையளித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனாய். ஏ-ஒன்பது வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதிச் செத்துப்போனாய். மாடு எழும்பி நடந்து போய்விட்டதாம். இந்த நாட்டில் எத்தனையோ விதமாகச் சாகலாம், உனக்கு மாடுதானா கிடைத்தது? இதை இன்னும் உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ போன பிறகு துறை எங்கேயோ போய்விட்டது. எங்கள் துறைத்தலைவர் சேர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்துவிட்டு வந்திருக்கிறார். தலைப்பு, ‘விளிம்புநிலை மக்களின் குரலைச் செவிமடுத்தல்’. அவரின் அறைக்கதவு இன்னமும் சாத்தித்தான் கிடக்கிறது. தட்டினால், “பிறகு வாரும் ஐசே” என்று குரல் மட்டும் வரும்.

எங்களோடு படித்த பட்ச் பிரியாவும் மாநாட்டில் பேசிவிட்டாள். வினாக்கொத்தோடு முள்ளிவாய்க்கால் பக்கம் போயிருக்கிறாள். அங்கே ஒரு அம்மா, இவள் பேனையைத் திறக்க முன்னமே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டு, “பிள்ளை, கடைசியில ‘உங்கள் எதிர்பார்ப்பு என்ன’ எண்டு கேப்பீங்கள். இனி ஒருத்தரும் கேள்வி கேட்டு வரக்கூடாது எண்டு எழுதுங்கோ” என்றாவாம். பிரியா அதையே தலைப்பாக்கிவிட்டாள். அதைக் கேட்டு வேறு மூன்று பேர் அதே அம்மாவைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

இந்தச் சாதனைகளையெல்லாம் சேர்த்துத்தான் பாராட்டு விழா வைத்தார்கள். மண்டப வாசலில் பதாகையைப் பார்த்தேன். சேரின் படத்துக்குக் கீழே, நகம் அளவில் உன் முகம். அதற்குக் கீழே: “‘தோட்டக்கலை’ என்ற சொல்: இரணைமடுக் குடியிருப்புகளில் ஒரு சமூகவியல் ஆய்வு.”

நீ எழுதின சொல் அதுவா மச்சான்? தோட்டக்காட்டார் என்றல்லவா எழுதினாய். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த உங்கள் ஆக்களை இங்கே முதுகுக்குப் பின்னாலும், கோபம் வந்தால் முகத்துக்கு முன்னாலும் கூப்பிடுகிற சொல். உன் தாத்தா இனக்கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே காடு வெட்டினவர். உன் அம்மா இங்கே வயல் விதைக்கிறா. நீ பிறந்தது கிளிநொச்சி ஆஸ்பத்திரியில். தேயிலைச் செடியை நீ முதன்முதலாகக் கண்டதே கம்பஸ் சுற்றுலாவில்தான், வெள்ளைக்காரன் மாதிரி நின்று படம் எடுத்தாய். எங்கள் வீடு யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடு வாய்க்கால் காணிக்கு வந்த வீடு. நாங்களும் வந்தவர்கள்தான். எங்களுக்கு ஏனடா ஒரு பட்டப்பெயரும் இல்லை?

அலுவலக அக்காவிடம் ஓடினேன். அவா பாவம், பெருமையாகச் சொன்னா: “சேர் போன் பண்ணினவர் தம்பி. ‘தோட்ட’ எண்டு தொடங்குற அந்தச் சொல்லு சபைக்குச் சரிவராது, மிச்சத்தை மாத்தி நல்ல சொல்லாப் போடும் பிள்ளை எண்டவர். யோசிச்சு யோசிச்சுப் போட்டனான். நல்ல சொல்லுத்தானே?”

சேரின் கதவைத் தட்டாமல் திறந்தேன்.

“சேர், தோட்டக்கலை எண்டா வேற பாடம்.”

“தெரியும் ஐசே. பதாகை அடிச்சாச்சு. லெச்சுமணன்ர தாய் வாறா. அவாவுக்கு முன்னால அந்தச் சொல்லைச் சொல்லி அவாவை நோகடிக்கச் சொல்லுறீரோ?”

“அவன்ர ஆய்வே அந்தச் சொல்லைப் பற்றித்தானே சேர்.”

“ஆய்வு வேற, மேடை வேற.”

பஸ்ஸில் சொன்னால் நோகாது, கூலிக்குக் கூப்பிடும்போது சொன்னால் நோகாது, பல்கலைக்கழக மேடையில் சொன்னால் மட்டும் நோகும். இதுதான் எங்கள் சமூகவியல்.

ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம் இருந்தது. உன் அம்மாவிடம் ஆய்வு எதைப் பற்றி என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. “அந்தச் சொல்லைத் தேடித்தான் திரியிறன் எண்டு தெரிஞ்சா அழுவா மச்சான். முடிச்சிட்டு நானே சொல்லுறன்” என்றாய். முடித்தாய். சொல்லத்தான் இல்லை.

உன் அம்மா முன்வரிசையில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. பிரதம விருந்தினர் ஒரு ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பதாகையை ஒருதரம் பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார். “மறைந்த இந்த மாணவன் எங்களுக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்! வீட்டுக்கு வீடு நாலு கத்தரி, ரெண்டு பச்சைமிளகாய்! இளைஞர்கள் மண்ணுக்குத் திரும்பவேணும்!” கைதட்டல். யாரையோ அனுப்பி ஒரு ஒட்டுமாங்கன்று எடுப்பித்து, பரிசோடு சேர்த்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

கன்றோடு திரும்பி வந்து அம்மா என் காதுக்குள் கேட்டா: “என்னா தம்பி, நம்ம லெச்சு கத்தரிக்காயப் பத்தியா எழுதுனான்? அவன் தொட்டு வச்ச செடி ஒண்ணுகூட உருப்படலியே.”

நீ வெயிலில் வீடுவீடாக அலைந்தது கத்தரிக்காய்க்காக என்று நினைத்துக்கொண்டு அவா வீட்டுக்குப் போகப்போகிறா. எனக்கு அது பொறுக்கவில்லை.

நண்பனின் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். படியேறும்போது சேர் என் கையைப் பிடித்தார். “ரெண்டு வார்த்தை ஐசே. ரெண்டே ரெண்டு.”

“லெச்சு கத்தரிக்காயைப் பற்றி எழுதேல்லை,” என்றேன். “தோட்டக்காட்டார் எண்ட சொல்லைப் பற்றி எழுதினவன். அது எந்த வாயால வருது, எப்ப வருது, கேட்ட ஆக்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்யினம் எண்டு எழுதினவன்.”

மண்டபத்தில் பாதிப்பேர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் மட்டும் பழக்கதோஷத்தில் கைதட்டினார்.

தேநீர் நேரத்தில் உன் அம்மா கன்றை மடியில் வைத்து அதன் இலையைத் தடவிக்கொண்டு, “அப்ப கத்தரிக்கா இல்ல,” என்றா.

“இல்லை அம்மா.”

“நான் எத்தனையோ வருசமா அந்த வார்த்தைய கேட்டுட்டு, காதுல விழாத மாதிரி போயிருவேன் தம்பி. அவன் காதுல விழக்கூடாதுன்னுதான். அவனுக்கு விழலன்னே நெனச்சிருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டா. “ஒங்க வீட்டுப் பக்கமும் கேட்டிருக்கேன். ஒன் வாயால இன்னைக்கிதான் கேட்டேன்.”

கோபத்தில் சொல்லவில்லை மச்சான். அடுத்த நிமிடமே தேநீரோடு தந்த றோல்ஸைப் பிரித்துப் பார்த்து, “இதுல என்னா எறைச்சி?” என்று கேட்டா. நான் என்னுடையதைக் கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டேன்.

அன்றைக்கு உன் ஆய்வேட்டைத் திரும்ப வாசித்தேன். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். சொன்னவர்கள் ஒருவரும் இல்லை. அவர்களிடம் நீ எப்படிப் போயிருப்பாய்? உன்னை யார் உள்ளே விட்டிருப்பார்கள்? என்னை விடுவார்கள். தேத்தண்ணியும் தருவார்கள்.

முதுமாணிப் பட்டத்துக்கு அதைத்தான் செய்யப்போகிறேன் என்று சேரிடம் சொன்னேன். “ஆர் ஐசே ஒத்துக்கொள்ளுவினம்? உமக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் கிடைக்கமாட்டினம்” என்றார்.

“ஒராள் இருக்கிறா சேர். எங்கட அம்மா.”

நேற்று, சமையல் நடந்துகொண்டிருந்த எங்கள் குசினியில் போனை மேசையில் வைத்துப் பதிவு செய்தேன்.

“ஐயோ, நாங்கள் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை,” என்றா அம்மா. “அவையள் எங்களோட நல்ல பழக்கம். லெச்சு எனக்குப் பிள்ளை மாதிரி.”

“பிள்ளை மாதிரி எண்டா, அவன் ஏன் ஒருநாளும் குசினிக்குள்ள வந்து சாப்பிடேல்லை?”

“அவனுக்கு வெளிவிறாந்தைதானே விருப்பம். நல்ல காத்து.”

உனக்குக் காற்றில் அவ்வளவு ஆசையா லெச்சு? நான் ஏன் உன்னிடம் கேட்டதே இல்லை?

பிறகு அம்மா போனைப் பார்த்துவிட்டு, “உந்தப் பதிவை நிப்பாட்டு,” என்றா. நிறுத்தவில்லை. வெங்காயம் வெட்டுகிற சத்தத்துக்கு நடுவில், “கோயில்ல ஒருக்காச் சொன்னனான். அவன்ர தாய் பின்னுக்கு நிண்டதைக் காணேல்லை,” என்றா.

ஆய்வு நெறிமுறைப்படி அம்மாவுக்கு ஒரு புனைபெயர் வைக்கவேண்டும். அதை அவாவே தெரிவு செய்யட்டும். ஆனால் சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன், மேடைக்காகவும் மாற்றமாட்டேன். அடுத்ததாகப் பெரியப்பா வீடு, அதற்குப் பிறகு வாய்க்கால் கரையில் எங்கள் ஆக்களின் ஒவ்வொரு வீடும். கதவைச் சாத்தினால் சாத்தினது என்று எழுதுவேன். இது உனக்கு என் வாக்கு.

எங்கள் அம்மா பெத்த, உன் அம்மாவிடம் இன்னும் வாங்கிக் கட்டவேண்டிய உன் மச்சான்,
கஜன்