ருசி பார்க்காத கருவாடு

பிப்ரவரி 6, சிதம்பரம்
நாளை மறுநாள் நிதிக்குழு பரங்கிப்பேட்டைக்கு வருகிறது. என் சூரிய உலர்த்தியில் காயும் கருவாடு பிடித்துப்போனால் கடலூர்க் கரை முழுக்க இதையே வைப்பார்கள். எனக்குப் பேராசிரியர் பதவியும் வரலாம். இப்போதே புடவை எடுத்துவைத்தாகிவிட்டது!

பிப்ரவரி 7
சொல்லாமல் பரங்கிப்பேட்டைக்குப் போய் நின்றேன். உலர்த்திப் பெட்டியில் தட்டுகள் காலி. மீனெல்லாம் வெளியே வலைமேல் காய்கிறது. மகளிர் குழுவை நடத்தும் சலீமா பீவி முதலில் மழுப்பினார். பிறகுதான் சொன்னார்.

"பெட்டில வச்சா மேல வெந்துடுது மேடம், உள்ள ஈரம் நிக்குது. நாலு நாள்ல நாறிப்போவுது. கோழித் தீவனத்துக்குத்தான் குடுக்கறோம்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நீங்க மீனே தொடாதவங்க. எங்களுக்காவ இவ்ளோ பாடுபடறீங்க. எப்படிச் சொல்றது?"

மூக்கைப் பொத்திக்கொண்டு ஆராய்ச்சி செய்தவள் நான். கருவி காட்டிய ஈரப்பதத்தைக் கட்டுரையில் எழுதினேன். சைவ வீட்டில் பிறந்தவள், நான் தின்ன வேண்டாம். தின்றவர்களைக் கேட்டிருக்கலாமே? தோன்றவே இல்லை. சே.

பிப்ரவரி 8
நிதிக்குழு வந்தது. பெண்கள் வெளியே காய்ந்த கருவாட்டைப் பெட்டித் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தார்கள், என் மானத்தைக் காப்பாற்ற. தலைவர் முகர்ந்து பார்த்து, பிரமாதம் என்றார். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். போட்டோவுக்கும் சிரித்தேன்.

பிப்ரவரி 9
இனி எல்லா ஊரிலும் இந்தப் பெட்டி. எல்லா ஊரிலும் மீன் நாறும், எனக்கு மட்டும் பதவி. அவுங்க மீனு அவுங்க காசுல வாங்கனது — வினோதினி, உனக்கு வெக்கமே இல்லியா?

பிப்ரவரி 10
தலைவருக்குப் போன் செய்தேன். அந்தக் கருவாடு வெளியே வலைமேல் காய்ந்தது, உலர்த்தி தோற்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். உடனே போனை வைத்துவிட்டார்.

மார்ச் 4
திட்டம் நின்றுவிட்டது. துறையில் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள். எதிரே நடக்கக் கூசுகிறது.

ஜூலை 6, பரங்கிப்பேட்டை
பழைய பெட்டிக்கே நிழல்வலை போட்டு, விசிறி வைத்து, சூட்டைக் குறைத்திருக்கிறேன். முதல் சாளை மீன் இன்று காய்ந்தது. சலீமா பீவி சுட்டு எடுத்துவந்தார். நீங்கள் தின்ன வேண்டாம் என்று தடுத்தார். நான் வாங்கி வாயில் போட்டேன். குமட்டியது. மென்று விழுங்கினேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நன்றாக இருக்கிறது என்றேன்.

சலீமா பீவியும் ஒரு துண்டு பிய்த்துத் தின்றார்.

"பொய் சொல்லாதம்மா," என்றார். "உப்பே புடிக்கல."