தொதல் போன பெட்டி

கல்பிட்டி,
04.02.2018

என் அன்புத் தங்கை மஹ்மூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் பிள்ளைகளின் சேதி. அதைச் சொல்லாமல் என் பேனா வேறெங்கும் போகாது.

பேரன் அர்கம் உயர்தரப் பரீட்சையில் இரண்டு ஏ, ஒரு பி. கணிதப் பிரிவு. பள்ளிவாசலுக்கு முன்னால் பெயர் போட்டுப் பெரிய பதாகை கட்டியிருக்கிறார்கள். அதன் கீழால் போய்வருவதற்கென்றே உன் மச்சான் ஹமீட் இப்போது ஐந்து நேரமும் ஜமாஅத்துக்குப் போகிறார். பேத்தி நுஸ்ராவுக்குச் சிலாபத்தில் வங்கி வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளத்தில் எனக்கு மூக்குக் கண்ணாடி வாங்கித் தந்தாள், இந்தக் கடிதத்தின் எழுத்து நேராக நிற்பது அதனால்தான். சின்னவள் ஹிதாயா புலமைப்பரிசில் பரீட்சையில் நூற்று எழுபத்தொரு புள்ளி. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேன். அதே ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு மாலை போட்டு ஊர்வலம் கொண்டுபோனார்கள். நான் கூடவே நடந்தேன், முழங்கால் நோவு ஞாபகமே வரவில்லை.

சரி. இனி என் முறைப்பாடு.

டிசம்பர் பத்தாம் தேதி பஸ் கொண்டக்டர் நூர்தீனிடம் உனக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டின தொதல் கொடுத்தனுப்பினேன். நம்முடைய நீல மூடி ஐஸ்கிறீம் பெட்டியில்தான். இன்றைக்கு எட்டு வாரம். பெட்டி வரவில்லை.

நீ இங்கே அகதி முகாமில் இருந்த காலத்திலிருந்து நமக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. நான் அனுப்பிய ஏனம் உன்னிடமிருந்து வெறுமையாக வராது, நீ அனுப்பியது என்னிடமிருந்து வெறுமையாகப் போகாது. நீ ஊர் திரும்பிப்போய் ஏழு வருடமாக அந்தப் பெட்டி பஸ்ஸில் போய்வருகிறது. தொதலோடு போகும், பனங்கட்டியோடு வரும். மாசிச் சம்பலோடு போகும், கருவாட்டோடு வரும். ஒரு வாரம் பிந்தியதில்லை.

நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா? உன்னோடு போனில் கதைத்தால் தெருவுக்கே கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. ஆகவே எழுது.

உன் ராத்தா,
றஹ்மத் உம்மா


எருக்கலம்பிட்டி,
20.02.2018

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அர்கமின் சேதியை என் மகள் அலீமா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். மச்சானிடம் என் சலாமைச் சொல்லுங்கள், பதாகை மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்கேயும் ஒரு நல்ல சேதி. பேத்தி அக்கீலாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. முன்பு இரண்டு தரம் கையில் தங்காமல் போனதால் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், துஆச் செய்யுங்கள். அவள் மாப்பிள்ளை முபாரிஸ் அவளை வாளி தூக்க விடுவதில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போகும்போது கொப்பிக் கட்டையும் அவரே தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

பெட்டியை எங்கேயோ வைத்தேன், ராத்தா. வெடித்துவிட்டது என்று நினைக்கிறேன். பனங்கட்டியை ஓலைக் குட்டானில் வைத்து நூர்தீனிடம் தந்திருக்கிறேன். தொதல் இப்போதைக்கு வேண்டாம். சீனி கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உங்களுக்கும் இந்த வயதில் கிண்டுவது கஷ்டம்தானே.

உங்கள் தங்கை,
மஹ்மூதா


கல்பிட்டி,
11.03.2018

மஹ்மூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கீலாவின் சேதி கேட்டு இரண்டு றக்அத் ஷுக்ர் தொழுதேன். முகாமில் அவள் பிறந்தபோது முதல் தண்ணீர் வார்த்தது என் கை. அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை. அல்லாஹ் நிறைவாக்கித் தரட்டும்.

இனிக் கேள். பொய் சொல்வது உனக்கு வராது என்று முகாமிலேயே நான் சொல்லியிருக்கிறேன். பனங்கட்டி கொண்டுவந்த நூர்தீனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"ராத்தா, உங்கட பெட்டி வெடிக்கவுமில்ல, ஒண்டுமில்ல. மஹ்மூதா ராத்தாட வளவுல கோழி அதுலதான் தண்ணி குடிக்குது."

"கோழியா?"

"ஓம். பெட்டி மட்டுமா? கோப்பை, போத்தல், வாளி, எல்லாம் வெளியில. அந்த ஊட்டுக் குசினில இப்ப மருந்துக்கும் ஒரு பிளாஸ்டிக் சாமான் இல்ல. எனக்குத் தண்ணி தந்ததே பித்தளைச் செம்புலதான். மாப்பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி."

இதற்கு என்ன அர்த்தம், மஹ்மூதா? பெட்டியை எறி, அது ஐஸ்கிறீம் கடைக்காரன் சும்மா தந்தது. ஆனால் என் தொதலை வேண்டாம் என்று சொல்ல ஒரு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறாயே. ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்ட நமக்குள் என்ன மறைப்பு? இந்தக் கடிதத்துக்கு நேர்ப் பதில் வராவிட்டால் நான் பஸ் ஏறி வருவேன். முழங்காலோடு வருவேன். பாவம் உனக்குத்தான்.

றஹ்மத் உம்மா


எருக்கலம்பிட்டி,
25.03.2018

என் ராத்தாவுக்கு,

அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் இரண்டாம் தரமும் தங்காமல் போன பிறகு, ஆஸ்பத்திரி கிளினிக்கில் தாய்மாரைக் கூட்டிவைத்து ஒரு நேர்ஸ் மிஸ் வகுப்பு எடுத்தாராம். பிளாஸ்டிக்கில் சில கெமிக்கல் இருக்கிறது, சூடான சாமானும் எண்ணெய்ச் சாமானும் போட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டில் இறங்கலாம், பழைய கீறல் விழுந்த பெட்டி இன்னும் மோசம், வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் கவனமாக இருப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறார். அக்கீலா அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முக்காட்டைக்கூடக் கழற்றவில்லை. குசினிக்குள் போய் ஒவ்வொன்றாக வெளியே எறிந்தாள்.

அலீமா சத்தம் போட்டாள், "எண்ட மாசிப் போத்தலை வை புள்ள, அது என்ன செஞ்ச உனக்கு?"

"உம்மா, ஒண்டும் செஞ்சதெண்டு நான் சொல்லல்ல. ஆனா எண்ட கையில இருக்கிறது இது ஒண்டுதான். இதையாவது செய்ய விடுங்க."

அலீமா மாசிப் போத்தலைத் தானே கொண்டுபோய் வெளியே வைத்தாள்.

டிசம்பரில் உங்கள் தொதல் வந்தது. நீங்கள் அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு பெட்டியில் ஊற்றுவீர்கள், அதனால்தான் அதன் ஒரு மூலை உருகி வளைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தொதலில் தேங்காயெண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. நான் அதை அவளுக்குக் காட்டாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வெறும் பெட்டியைக் கண்டதும் அவள் அதையும் வளவுக்கு எறிந்துவிட்டாள்.

உங்களுக்கு ஏன் எழுதவில்லை? அந்த இரண்டு தரமும் வாய்க்குமட்டல் நேரத்தில் அவள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டது உங்கள் தொதல் ஒன்றைத்தான். நான் பெட்டியைப் பற்றி ஒரு வரி எழுதினால், நீங்கள் தொதல் அனுப்பிய நாட்களை எண்ணிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு உங்கள் தலையில் போட்டுக்கொள்வீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அதற்குப் பொய் பரவாயில்லை என்று நினைத்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள்.

மஹ்மூதா


கல்பிட்டி,
20.04.2018

அன்புள்ள மஹ்மூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுத நாளாகிவிட்டது. நீ சொன்னது சரி. நான் எண்ணிப் பார்த்தேன்.

இரண்டு நாள் அடுப்படிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மிட்வைப் மிஸ் தெருவால் போகும்போது மறித்துக் கேட்டேன். "மிஸ், உண்மையைச் சொல்லுங்க. எண்ட தொதலா அந்த ரெண்டு புள்ளையையும் கொண்டுபோன?"

அவர் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உம்மா, இருபது வருசமா இந்த வேலை செய்றன். ஏன் தங்கல்லண்டு பெரிய டொக்டர்மாருக்கே அனேகமா தெரியாது. நீங்க ஒரு தொதல் தாச்சியை வெச்சிக்கொண்டு கண்டுபுடிச்சிட்டீங்களா? யாராலயும் அப்பிடிச் சொல்ல ஏலாது."

"அப்ப பெட்டி?"

"பெட்டியை விடுங்க. சூட்டோட அதுல ஊத்தாதீங்க, பீங்கானோ தகரமோ பாவிங்க. கவனமா இருக்கிறதுக்குக் குத்தவாளி தேவையில்ல."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பசி வந்தது. வீட்டுக்குப் போய் மூன்று நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சோறு தின்றேன்.

பிறகு அலுமாரியைத் திறந்தேன். மஹ்மூதா, நாற்பத்து மூன்று பெட்டி. ஐஸ்கிறீம், மாஜரின், யோகட் கப், மூடியில்லாத பெட்டி, பெட்டியில்லாத மூடி. சுடுகஞ்சி ஊற்றும் பெயின்ட் வாளி ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு நோன்புக்கும் அதில்தான் பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வருகிறோம். பெயின்ட் வாளியில் கஞ்சி ஊற்ற எந்த மகராசனுக்கு முதலில் தோன்றியதோ. எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்தேன். கஞ்சிக்கு என் கல்யாணத்துக்கு வந்த தூக்குச்சட்டியைப் புளி போட்டு மினுக்கி வைத்துவிட்டேன்.

உன் மச்சான் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கதிரையும் பிளாஸ்டிக்குதான். எழும்பட்டா?"

"கதிரையில நீங்க சூடா ஒண்டும் ஊத்துறதில்லதானே. இருங்க."

"அப்ப எண்ட பல்லுக்கட்டு? அதுவும் அந்தச் சாதிதான். தேத்தண்ணிய ஆறவெச்சுக் குடிக்கணுமா?"

நுஸ்ரா சிரித்துச் சிரித்துக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். மிஸ் சொன்னதை என் புத்தி ஏற்றுக்கொண்டது. ஆனால் அக்கீலா என்ன நினைக்கிறாள்? அவளை முதலில் தூக்கின கையிலிருந்து வரும் சாப்பாட்டைக் கண்டு அவளுக்குப் பயம் என்றால், அதை என்னால் தாங்க முடியாது. நான் கோபமாக இல்லை. ஆனால் அவளாகக் கேட்கும் வரை இந்த வீட்டில் தொதல் கிண்டுவதில்லை. நீ சொல்லிக்கொடுத்துக் கேட்கவைக்கவும் கூடாது. என் மேல் ஆணை.

உன் ராத்தா,
றஹ்மத் உம்மா


எருக்கலம்பிட்டி,
02.07.2018

என் ராத்தாவுக்கு, மச்சானுக்கு, பிள்ளைகள் எல்லாருக்கும்,

அல்ஹம்துலில்லாஹ். வெள்ளிக்கிழமை விடிய சுபஹோடு அக்கீலாவுக்குப் பெண் பிள்ளை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தலை நிறைய முடி. தாயும் பிள்ளையும் சுகம். முபாரிஸ் காதில் பாங்கு சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார். பாதியில் நின்றுவிடுமோ என்று நாங்கள் பயந்தோம், முடித்துவிட்டார். பெயர் இன்னும் வைக்கவில்லை. அவர் ஒரு பக்கம் இழுக்கிறார், அவள் ஒரு பக்கம் இழுக்கிறாள்.

ஆணையை நான் மீறவில்லை. இரண்டரை மாதம் தொதல் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. ஆனால் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்த உடனே அவள் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்.

"உம்மும்மா, கல்பிட்டி உம்மும்மா என்னோட கோவமா? ஆறு மாசத்துக்கு மேல ஒரு துண்டு தொதல் வரல்ல."

நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததையும் சொன்னேன். பிள்ளையை வைத்துக்கொண்டு என்னை ஏசினாள் பாருங்கள்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எண்ட தொதலுக்குக் குத்தம் சொல்லிட்டீங்களா? நான் பெட்டியைத்தானே எறிஞ்ச! தொதலை எறியச் சொன்னேனா? பெட்டியை எறிஞ்சதுக்கு அவங்களுக்குக் கோவமெண்டு நான் ஆறு மாசமா வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறன். தகரத்துல போட்டு அனுப்பச் சொல்லுங்க. நல்லா ஆறவெச்சு. கஜு கூடப் போட்டு."

கஜு என்பது அவள் சொன்னதுதான், நான் சேர்க்கவில்லை.

உங்கள்,
மஹ்மூதா


கல்பிட்டி,
09.07.2018

என் கண்மணித் தங்கை மஹ்மூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை நுஸ்ரா வாசிக்க வாசிக்க நான் தேங்காய் துருவத் தொடங்கிவிட்டேன். "கஜு கூடப் போட்டு" என்ற இடம் வரும்போது ஐந்தாவது தேங்காய். அக்கீலாவிடம் சொல், ஆறு மாதக் கோபம் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் அது எனக்கே தெரிந்திருக்கும்.

காலை எட்டுக்கு அடுப்பு மூட்டிப் பகல் லுஹர் பாங்குக்கு இறக்கினோம். உன் மச்சானும் கிண்டினார். கை நோகிறது என்று மூன்று தரம் அகப்பையை வைத்தார், ருசி பார்க்க ஏழு தரம் எடுத்தார். வாழையிலை விரித்த தட்டத்தில் ஊற்றி ஒரு முழுப் பகல் ஆறவைத்தேன். பிறகு துண்டு துண்டாக வெட்டி, வாட்டின இலையில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் அடுக்கியிருக்கிறேன். முன்பு பெட்டியில் ஊற்றினால் அது கட்டியாகி, மண்வெட்டி கொண்டுதான் தோண்ட வேண்டும். இப்போது ஒவ்வொரு துண்டும் புதுப் பெண் மாதிரி உடுத்திக்கொண்டு இருக்கிறது. பெட்டி ஒழிந்ததில் தொதலுக்கு நன்மைதான்.

தகரத்தில் "அக்கீலாவுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். நூர்தீனுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதால் அவனுக்குத் தனியாக நான்கு துண்டு கொடுத்தாயிற்று. பிள்ளை பெற்ற உடம்பு, இனிப்பை அளவாக உண்ணச் சொல்.

ஒன்று மட்டும் குறை. முபாரிஸ் பிள்ளையின் படத்தை நுஸ்ராவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். பெருவிரல் நகம் அளவு முகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்க்க விரல் வைத்தேன், பிள்ளை போய் யாரோ ஒருவரின் வேன் வந்து நின்றது. அப்படிப் பார்க்க எனக்கு ஏலாது. மன்னார் டவுனில் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு பெரிய படம் எடுத்துக் கழுவித் தபாலில் போடுங்கள். பிள்ளை அக்கீலாவின் மடியில் இருக்கட்டும், நீ பக்கத்தில் நில். கண்ணை மூடாமல் நில். பின்பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுது. யார் இழுத்த பெயர் வென்றது என்று நானும் பார்க்க வேண்டும்.

உன் ராத்தா,
றஹ்மத் உம்மா